பதினாறாவது கட்டு

திரையில் பதினாறு கோடுகள். பதினைந்து மளமளவென்று நிரம்பிப் பச்சையாகி, வேலை முடிந்தது என்று நின்றுவிட்டன. பதினாறாவது மட்டும் தொடங்கிய இடத்திலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஓடவிட்ட நிரல் அது. மத்தியானச் சோற்றுக்குப் போய்விட்டு வந்து பார்த்தேன், அசையவில்லை. மூன்று மணிக்கும் அதே கதைதான். கணினியைத் தட்டிக் கேட்கவா முடியும்? பால் கலக்காத தே ஓ தேநீர் இரண்டாவதையும் குடித்துவிட்டு முறைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆபிஸ் புக்கிட் பெருவாங்கில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. மொத்தம் ஏழு பேர். எனக்கு ஒப்பந்த வேலை, முடிய இன்னும் மூன்று மாதம். கையிலிருந்த வேலை சொல்வதற்குச் சுலபமானது. மாநிலத்தில் அங்கங்கே இருக்கும் சிறு கிளினிக்குகளின் நோயாளிப் பதிவுகளையும், மூடிவிட்ட தோட்ட மருந்தகங்களின் பழைய அட்டைகளையும் ஒன்றாகக் கொட்டி, ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பதிவு இருந்தால் அவற்றை ஒன்றாக்க வேண்டும். பிறகு, இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் இருந்தும் கண் பரிசோதனை செய்யாதவர்களின் பட்டியலை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் ஆட்களுக்கு போன் போடுவார்கள். பட்டியலில் இல்லாதவருக்கு போன் வராது. செவ்வாய்க்கிழமை ஒப்படைப்பு.

அடையாள அட்டையின் ஐ.சி. எண்ணை வைத்துச் சேர்க்க வேண்டியதுதானே என்று யாரும் கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். தோட்ட மருந்தகத்தில் மருந்து கொடுத்த டிரெசர் எழுதி வைத்த அட்டைகளில் பாதிக்கு மேல் அந்த எண்ணே கிடையாது. இருந்தவற்றில் பல, அந்தக் காலத்துப் பழைய எண்கள். ஆகவே பெயர், பிறந்த வருடம், ஊர் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் இது அவர்தானா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஒப்பிடுவதில்தான் சிக்கல். ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒப்பிட்டால், நூறு பேருக்கு ஏறக்குறைய ஐயாயிரம் ஒப்பீடு. ஆயிரம் பேருக்கு ஐந்து லட்சம். ஆட்கள் பத்து மடங்கானால் வேலை நூறு மடங்காகும். அதனால் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். குடும்பப் பெயரை வைத்துப் பதிவுகளைப் பதினாறு கட்டாகப் பிரித்து, கட்டுக்கு ஒன்றாகக் கணினியின் பதினாறு கோர்களிடம் கொடுத்தேன். கட்டுக்குள்ளும் ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். ஒரு கோர் என்பது ஒரு வேலையாள். பதினாறு பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது கணக்கு. கட்டுகள் ஏறக்குறைய ஒரே கனமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். ஒரு கட்டு மட்டும் மலைபோலக் குவிந்தால், பதினைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஒருவன் மட்டும் சாவான்.

பதினாறாவது கட்டைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் நம்மாட்கள். இரண்டாவது பக்கத்திலும் நம்மாட்கள். கீழே தள்ளிக்கொண்டே போனேன். ஜாசின் பக்கத்துத் தோட்டங்கள், பாயா ரும்புட், டவுன் என்று எங்கே இருந்தவரானாலும், தமிழராக இருந்தால் அநேகமாக அந்த ஒரே கட்டில்தான் கிடந்தார்.

எப்படி என்று புரிய எனக்கு இரண்டு நிமிடம் ஆகவில்லை. புரிந்ததும் காது சூடாகிவிட்டது. சீனர்களுக்குப் பெயரின் முதல் சொல் குடும்பப் பெயர். மலாய்க்காரர்களுக்கு 'பின்', 'பிந்தி' என்பதற்குப் பிறகு வருகிற அப்பா பெயரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் அழகாக விதி எழுதியிருந்தேன். நமக்கு 'ஏ/எல்', 'ஏ/பி' என்று போட்டு அப்பா பெயர் வரும், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று. அதற்கு நான் விதி எழுதவில்லை. அதைவிடக் கேவலம், பதிவுகளைச் சுத்தம் செய்யும் முதல் படியில், புள்ளி, கமா, அடைப்புக்குறி என்ற குப்பைகளோடு சேர்த்து அந்த 'ஏ/பி'யையும் நானே துடைத்திருந்தேன்.

ஏன் துடைத்தேன்? பழக்கம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எந்த இணையப் படிவத்திலும் என் பெயரை முழுதாகத் தட்டினால் சிவப்பு எழுத்தில் திட்டு வரும். அந்தச் சாய்கோட்டை ஏற்க மாட்டேன் என்று சொல்லும். விமான டிக்கெட், வங்கி, பல்கலைக்கழக விண்ணப்பம் என எல்லாவற்றிலும் 'ஏ/பி'யை எடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் வந்தால் காலியாக விட்டேன், விடாதே என்றால் ஒரு கோடு போட்டேன். அப்படியே வளர்ந்தவள், நிரல் எழுதும்போது என் கை தானாக அதைச் செய்திருக்கிறது. காலிக் கட்டம் கொண்டவர்கள் எல்லோரும் காலி என்ற ஒரே பெயரில் ஒரே கட்டில் விழுந்துவிட்டார்கள். ஒரு மலாய்ப் பையனோ சீனப் பெண்ணோ எழுதியிருந்தால், இது என்ன 'ஏ/பி' என்று யாரையாவது கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

மேலதிகாரியிடம் போனேன். நாங்கள் அவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். அவரும் தமிழர்தான், கிறிஸ்தவர். கிறிஸ்மஸுக்கு எங்கள் ஏழு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பிரியாணி போடுபவர். தாத்தா காலத்திலிருந்து ஒரு பெயரைக் குடும்பப் பெயராகவே வைத்துக்கொண்ட வீடு, ஆகவே படிவத்தில் அந்தக் கட்டம் அவருக்கு எப்போதும் நிரம்பிவிடும். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

"எவ்வளவு நாளாகும்?" என்றார்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை ஒப்பீடு ஓடியது, மிச்சம் எத்தனை என்று காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். "இப்படியே விட்டா இருபது நாள், பாஸ்."

"முப்பத்திரண்டு கோர் வாடகைக்கு எடுப்போமா?"

"எடுத்தா முப்பத்தொண்ணு சும்மா உக்காந்திருக்கும். ஒரே கட்டு, ஒரே ஆளு. எத்தன பேர வேலைக்கு வெச்சாலும் அதேதான்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்தக் கட்ட விட்டுரு. பதினஞ்சு முடிஞ்சிருச்சில்ல, அத குடுத்துருவோம். இத அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம்லா."

"அடுத்த ரவுண்டு எப்ப?"

"மொதல்ல இத குடுத்தாத்தான் அடுத்தது வரும். அடுத்த வருஷம் இருக்கும்."

"அதுல இருக்கிறது யாருன்னு பாத்தீங்களா, பாஸ்? எல்லாம் நம்மாளுங்க."

அவர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு சமாளித்துக்கொண்டார். "நான் என்ன வேணும்னா விடச் சொல்றேன்? மொத்தத்துல பாத்தா கொஞ்சம் பேருதான். டெட்லைன் இருக்கு. யாரு அந்த ரூல எழுதுனது?"

"நாந்தான்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்னவா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒப்படைக்கும் படிவத்தில் 'பட்டியல் முழுமையானது' என்று ஒரு வரி உண்டு. அதற்குக் கீழே சோதித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். சோதித்தவள் நான். "அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றேன்.

"வேற யாரையாச்சும் போடச் சொல்றேன்."

"போடட்டும். 'தமிழாளுங்கள விட்டுட்டு'ன்னு பக்கத்துல எழுதிட்டுப் போடட்டும்."

"ஒன் கான்ட்ராக்ட் வேற ரினியூவலுக்கு வருது. மறந்துடாத." மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என் நன்மைக்காகச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"மறக்கல, பாஸ். திங்கக்கிழம மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள ஓடலேன்னா நானே வேலைய விட்டுட்டுப் போறேன்." வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. படி இறங்கும்போதுதான் கார் தவணை ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை காலையில் ஜாசினுக்குப் போனேன். என் அம்மாவின் தங்கை அங்கே இருக்கிறார். தோட்டத்தில் வேலை போன பிறகு டவுனுக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் பாத்திரம் கழுவும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அவரைப் பாசார் சந்தைக்குக் கூட்டிப் போவது என் வேலை. அன்றைக்கு மீன் கடையில், இருபது ரிங்கிட் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் நீட்டினார்.

"சின்னம்மா, கண்ணு டெஸ்ட் எப்ப பண்ணீங்க?"

"அதெல்லாம் பாக்கறாங்கம்மா."

"யாரு பாக்கறா?"

"ஜாசின் கிளினிக்ல இனிப்பு நீருக்கு மருந்து தர்றாங்க. கண்ணுக்கு எங்க போறீங்கன்னு கேட்டாங்க. தோட்டத்து டிரெசர் பாத்தாருன்னு சொன்னேன்."

"அந்த மருந்தகத்த மூடி எத்தன வருஷமாச்சு?"

"அதான் யாரும் கூப்பிடல போல. கூப்பிட்டா போவேன்லா. கூப்பிடாம போயி நின்னா திட்டுவாங்க."

மூத்திரப் பரிசோதனையிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீருடை வரை எல்லாவற்றுக்கும் கூப்பிட்டால் மட்டும் போய் நின்ற வாழ்க்கை அவருடையது. வீட்டுக்குத் திரும்பியதும் அவருடைய அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். தோட்டத்து அட்டையில் அவர் பெயரும் அப்பா பெயரும் இருந்தன. ஜாசின் அட்டையில் அவர் பெயரோடு, செத்துப்போன சித்தப்பாவின் பெயரை ஒட்டியிருந்தார்கள். ஜாசின் அட்டையில் இனிப்பு நீர் இருந்தது, கண்ணைத் தோட்டத்தில் பார்த்தாகிவிட்டது என்று குறித்திருந்தார்கள். தோட்டத்து அட்டையில் கண் மங்கல் என்று மட்டும் டிரெசர் எழுதியிருந்தார், பரிசோதனை பற்றியோ இனிப்பு நீர் பற்றியோ பேச்சில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்தால்தான் இந்தப் பெண்மணியின் கண்ணை யாருமே பார்க்கவில்லை என்பது தெரியும். தனித்தனியாக இருக்கும்வரை அவர் எந்தப் பட்டியலிலும் வர மாட்டார்.

ஆபிஸ் பதிவுகளில் சொந்தக்காரரைத் தேடக் கூடாது. தேடினேன். இரண்டு பதிவுகளுமே பதினாறாவது கட்டில் கிடந்தன. ஒன்றை ஒன்று பார்க்காமல் இருபது நாள் கழித்து வரப்போகும் முறைக்குக் காத்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். முதலில் பழைய புத்தியோடுதான் தொடங்கினேன். 'ஏ/பி'க்கும் ஒரு விதி எழுதி, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்போல எடுத்துக்கொண்டால் என்ன? சின்னம்மாவின் இரண்டு அட்டைகளை வைத்தே சோதித்தேன். ஒன்று அப்பா பெயருக்குப் போனது, மற்றொன்று புருஷன் பெயருக்குப் போனது. வெவ்வேறு கட்டில் விழுந்த இரண்டு பதிவுகள் ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை. வேகமாக ஓடும், தப்பாக ஓடும். அழித்தேன்.

அம்மா கோழி வெட்டிக்கொண்டே, "காலையிலேர்ந்து யாரோட சண்ட?" என்று கேட்டார். "படிவத்தோட," என்றேன். "ஜெயிச்சிட்டு வந்து வெங்காயம் உரி," என்றார்.

குடும்பப் பெயர் என்பதே எங்களுக்கு இல்லாத சாமான். இல்லாததை ஏன் இருப்பதுபோல நடிக்க வேண்டும்? மனுஷனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, பக்கத்தில் இன்னொருவரின் பெயர் நிற்கிறது. அவ்வளவுதான். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். கட்டு கட்டுவதையே விட்டேன். எல்லோரையும் இரண்டு முறை வரிசையில் நிற்க வைத்தேன். முதல் வரிசை அவரவர் சொந்தப் பெயரின்படி. இரண்டாவது வரிசை பக்கத்தில் நிற்கும் பெயரின்படி. ஒரே பெயரில் பலர் இருந்தால் பிறந்த வருடத்தின்படி. பிறகு ஒவ்வொருவரையும் ஊரிலுள்ள எல்லோரோடும் ஒப்பிடாமல், தனக்கு முன்னும் பின்னும் நிற்கும் சிலரோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். ஒரே ஆளின் இரண்டு பதிவுகள் ஒரு வரிசையில் தூரமாக நின்றாலும் மற்ற வரிசையில் அருகருகே வந்துவிடும். சின்னம்மாவின் அட்டைகள் இரண்டாவது வரிசையில் பிரிந்து நின்றன. முதல் வரிசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன.

வேலையின் அளவைக் கணக்குப் போட்டேன். ஆட்கள் பத்து மடங்கானால் முன்பு வேலை நூறு மடங்காகும் என்றேன் அல்லவா, இப்போது பத்து மடங்கும் அதற்கு மேல் கொஞ்சமும்தான். பதினாறு பேருக்குப் பங்கு போடுவதும் சுலபமாகிவிட்டது. வரிசையைத் தலை எண்ணி வெட்டினால் போதும். யார் பெயர் என்ன, யார் எந்த இனம் என்று பார்க்கத் தேவையே இல்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் இடித்தது. வெட்டிய இடத்தில் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் நின்றால், அவர்கள் ஒரே ஆளாக இருந்தாலும் ஒப்பிட யாரும் இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு துண்டின் கடைசிச் சிலரையும் அடுத்த துண்டிலும் நிற்க வைத்தேன். கொஞ்சம் வேலை இரண்டு முறை நடக்கும். நடக்கட்டும். ஒருவர் விடுபடுவதைவிட அவரை இரண்டு முறை ஒப்பிடுவது மேல்.

'ஏ/பி'யைத் துடைத்த அந்த வரியையும் எடுத்தேன். எடுக்கும்போது ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

திங்கட்கிழமை காலை பாஸ் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஓடவிட்டேன். பதினாறு கோடுகளும் ஒன்றுபோல நகர்ந்தன, ஒன்று கொஞ்சம் முன்னே, ஒன்று கொஞ்சம் பின்னே. கீழே இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு ஆளனுப்பி வாங்கிய ரொட்டி சானாய் மேலே வருவதற்குள் முடிந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு."

"எல்லாருமா?"

"எல்லாரும். நீங்களும் இருக்கீங்க, பாஸ். ரெண்டு எடத்துல இருந்தீங்க, இப்ப ஒண்ணாயிட்டீங்க." அவர் குனிந்து பார்த்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முந்தைய பதினைந்து கட்டுகளிலும் மலாய்க்காரர்கள், சீனர்கள், அவரைப் போன்றவர்கள் என்று எத்தனையோ பேர் இரண்டாகப் பிரிந்து கிடந்திருக்கிறார்கள். குடும்பப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலே வேறு கட்டில் விழுந்ததால், எங்கள் பழைய விதி அவர்களையும் தவறவிட்டிருந்தது. ஓட்டம் பச்சையாக முடிந்ததால் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் சந்தோஷப்பட்டார், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் மத்தியானம் ஒப்படைப்புக் குறிப்பை எழுதிக்கொண்டு வந்தபோது அதில் ஒரு தலைப்பு இருந்தது: 'இந்தியர் பெயர்களுக்கான சிறப்பு விதிவிலக்கு'.

"இத மாத்துங்க, பாஸ்," என்றேன்.

"ஏன்? ஒனக்குப் பெருமதானே?"

"விதிவிலக்குன்னு போட்டா நாளைக்கு யாராச்சும் டைம் இல்லேன்னு தூக்கிருவாங்க. இது விதிவிலக்கு இல்ல. பழைய விதி ரெண்டையும் அழிச்சிட்டேன். எல்லாரும் இந்த ஒரே விதியிலதான் போறாங்க."

"ரெண்டையும் அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

"ஒன்னோட பெரிய தொல்லம்மா," என்று சொல்லிவிட்டு, பேனாவால் அந்தத் தலைப்பை அடித்து, 'பெயர் ஒப்பீட்டு முறை' என்று எழுதினார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். என் ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டித்தார்கள். அது கோபத்தினாலா, கம்பெனி நிலைமையினாலா என்று நான் கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்துச் சின்னம்மாவுக்கு போன் வந்தது. கூப்பிட்டார்கள், ஆகவே போனார். லீவு போட்டுவிட்டு நானும் கூடவே போனேன். கண்ணில் மருந்து விட்டு, மணிக்கணக்காக உட்கார வைத்து, பிறகு ஒரு சின்ன வயது டாக்டரம்மா பார்த்தார். மலாயில் பொறுமையாகச் சொன்னார். இடது கண்ணில் சேதம் அதிகம், போனது திரும்பாது. வலது கண்ணுக்கு லேசர் வைத்தால் காப்பாற்றிவிடலாம்.

"இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வலதையும் இழந்திருப்பாங்க," என்றார்.

சின்னம்மாவுக்கு மலாய் நன்றாகப் புரியும். என் கையைப் பிடித்திருந்த அவர் கை கொஞ்சம் இறுகியது. எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். இடது கண்ணுக்காகவும் அழுதேன். அதை எந்த நிரலாலும் மீட்டுத்தர முடியாது, அதற்கு வருடங்களுக்கு முன்பே யாராவது ஒருவர் அந்த இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

வெளியே வந்தால் கூடத்தில் உட்கார இடமில்லை. செம்பனைத் தோட்டத்து ஆட்கள், லாரி ஓட்டுகிறவர்கள், கையில் சோற்றுப் பெட்டியோடு அம்மாக்கள், சுவரில் சாய்ந்து நின்ற பெரியவர்கள். எல்லோர் கண்ணிலும் மருந்து விட்டிருந்ததால் விளக்குக்குக் கூசிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்கள். மேசையில் இருந்த மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி காலையிலிருந்து எழுதி எழுதிக் களைத்துப்போயிருந்தார்.

"என்ன இன்னைக்கு இவ்வளவு இந்தியர் வந்திருக்காங்க?" என்று என்னிடம் மலாயில் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அலுப்பில் கேட்டார்.

நானும் மலாயிலேயே சொன்னேன். "எப்பவும் இருந்தாங்க, மிஸ்ஸி. இன்னைக்குத்தான் கூப்பிட்டிருக்கீங்க."